பழைய வீட்டுக் கணினிச் சஞ்சிகைகள்: வைத்திருப்பதா, பேப்பர்காரருக்குப் போடுவதா?

கோண்டாவில்_பெடியன் எழுதியது:

வணக்கம். சித்தப்பாவின் அறையைத் துப்புரவாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அவர் 80களில் லண்டனில் படித்துவிட்டு ஊருக்கு வந்தவர், இப்போது ஒஸ்லோவில் பிள்ளைகளுடன் இருக்கிறார். "வேணுமென்றால் வைத்திரு, இல்லாவிட்டால் எறி" என்று சொல்லிவிட்டார். இரண்டு தகரப் பெட்டி நிறையக் கணினிச் சஞ்சிகைகள். சின்கிளேயர் யூசர், யுவர் கொம்பியூட்டர், பேர்சனல் கொம்பியூட்டர் வேர்ல்ட், ஏழெட்டு பைட், பிறகு இன்புட் என்று வாராவாரம் வந்த ஒரு தொடர். சிலதில் அட்டை இல்லை. சிலதை இராமபாணம் அரித்துவிட்டது.

நானும் கணினிதான் படிக்கிறேன். ஆனால் திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள். இதை யார் வாசித்திருப்பார்கள், எதற்காக? அம்மா பழைய பேப்பர் எடுக்கிறவருக்குப் போடச் சொல்கிறா. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம்_பவர் எழுதியது:

போட்டிடாதையும் தம்பி. நீர் சொல்லும் அந்த எண்கள்தான் புரோகிராம்.

அப்போது சஞ்சிகை புரோகிராமை அப்படியே அச்சடிக்கும். வாங்கியவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டும். பேசிக் என்ற கணினி மொழியில் எழுதியது என்றால் வாசித்தாவது விளங்கும். வேகம் தேவைப்படுகிற விளையாட்டு என்றால் மெஷின் கோட், அதாவது கணினி நேரே விளங்கிக்கொள்ளும் கட்டளைகள்: "டேட்டா" என்று தொடங்கி வரிவரியாக 0 முதல் 255 வரையான எண்கள். ஒரு சின்ன பேசிக் துண்டு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நினைவகத்தில் "போக்" பண்ணும், கடைசியில் அந்த இடத்துக்குத் தாவும். நூற்றுக்கணக்கான எண்களில் ஒன்று பிழைத்தால் பிழைச் செய்தி ஒன்றும் வராது. திரை வெறுமையாகும், அல்லது கண்டபடி கோடு போடும். தட்டியது முழுக்கப் போய்விடும். அதனால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ரேப்பில் பதிந்து வைக்க வேண்டும். இதை எல்லோரும் ஒரு தடவை அழுத பிறகுதான் பழகினார்கள்.

அந்தத் தொல்லைக்குத்தான் செக்சம் வந்தது. வரியில் உள்ள எண்களைக் கூட்டிய தொகையையும் பக்கத்தில் அச்சடித்துவிடுவார்கள், கணினி கூட்டிப் பார்த்து ஒத்துவராவிட்டால் நிறுத்தும். ஆனால் வெறும் கூட்டலில் ஓட்டை இருக்கிறது: இரண்டு எண்கள் இடம் மாறினாலும் தொகை மாறாது. கொம்பியூட் என்ற அமெரிக்கச் சஞ்சிகை இதற்கென்றே எம்எல்எக்ஸ் என்று ஒரு தட்டச்சுப் புரோகிராமைத் தன் வாசகர்களுக்குக் கொடுத்தது. வரியை முடித்ததும் அது சரிபார்க்கும், பிழையென்றால் அந்த வரியைத் திரும்பத் தட்டச் சொல்லும்.

நெல்லியடி64 எழுதியது:

கொமடோர் 64 வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு கரைச்சல். திரையைத் துடைக்கும் கட்டளை லிஸ்டிங்கில், அதாவது அச்சடித்த புரோகிராமில், எழுத்தாக வராது, கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு ஆட்டின் படமாக வரும். ஆம், சீட்டுக்கட்டு ஆட்டின், இதயக் குறி. அதை எந்த விசையில் தேடுவது? பிறகுதான் சில சஞ்சிகைகள் அடைப்புக்குறிக்குள் விசையின் பெயரையே எழுதத் தொடங்கின. எங்கள் வீட்டில் அண்ணர் வாசிக்க நான் தட்டுவேன். "இதென்னடா ஆட்டின், சொத்திப் பெட்டிக்குள்ள?" என்று கேட்பார்.

கோண்டாவில்_பெடியன் எழுதியது:

கடையில் கசெட் வாங்கி லோட் பண்ணலாமே? எதற்கு இந்தப் பாடு?

சுன்னாகம்_பவர் எழுதியது:

எந்தக் கடையில் தம்பி? பாட்டுக் கசெட் பதிந்து கொடுக்கிற ரெக்கோடிங் பார் மூலைக்கு மூலை இருந்தது. சின்கிளேயரின் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினிக்கான கசெட் இல்லை. லண்டனில் இருந்து வருகிறவர் ஒன்றிரண்டு கொண்டுவருவார், அதை நாங்கள் இரண்டு ரேப் ரெக்கோடரை இணைத்துக் கொப்பி எடுப்போம். கொப்பியின் கொப்பி லோட் ஆகாது. ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஆணியைத் திருகி, கீச்சென்ற சத்தம் எந்த இடத்தில் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே விட வேண்டும். அதன் பிறகு அந்த ரெக்கோடரில் வீட்டுப் பாட்டுக் கசெட் ஒன்றும் ஒழுங்காகக் கேட்காது. அதற்கு வேறாக ஏச்சு வாங்க வேண்டும்.

ரிவிக் கதையும் சொல்ல வேண்டும். ஸ்பெக்ட்ரம் யுஎச்எஃப் 36ஆம் சனலில் படம் காட்டும். இங்கிலாந்து ரிவிக்கும் இலங்கை ரிவிக்கும் படம் ஒரே பால் (PAL) முறைதான், சத்தம் வரும் அலைவரிசை மட்டும் அரை மெகாஹேட்ஸ் வித்தியாசம். 48கே ஸ்பெக்ட்ரத்துக்கு அது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் சத்தம் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில்தான் வரும். பிளக்கை மட்டும் வெட்டி உருண்டைக் கால் பிளக் மாட்ட வேண்டும். ரூபவாஹினி 1982இல் தொடங்கிய பிறகு ரிவி வாங்கிய வீடுகள் கொஞ்சம் இருந்தன. மற்ற வீடுகளில் ரிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பார்கள். விடியப்புறம் மூன்றாவது படம் முடிந்து எல்லோரும் நித்திரையான பிறகுதான் அந்த ரிவி எங்களுக்குக் கிடைக்கும்.

வல்வெட்டி_ரீச்சர் எழுதியது:

யார் வாசித்தார்கள் என்று தம்பி கேட்டிருந்தார். நான் வாசித்தேன். கணினி இல்லாமலேதான்.

ஏஎல் கணிதப் பிரிவில் படித்த காலம். மச்சான் ஒருவர் கொண்டுவந்த யுவர் கொம்பியூட்டர் இதழ்கள் வீட்டில் கிடந்தன. கொப்பியில் கோடு போட்டு ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி ஒதுக்குவேன். வரி 10இல் ஏயின் பெறுமதி என்ன, வரி 40க்குப் போகும்போது என்ன, "கோ டு" எங்கே திருப்பிவிடுகிறது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போவேன். பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் விசைப்பலகையைத் தொட்டபோது பேசிக் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. விசை எங்கே இருக்கிறது என்பதுதான் புதிது.

எனக்கு மிகவும் பிடித்தது சின்கிளேயரின் இசட்எக்ஸ் 81 கணினிக்கு எழுதியவை. 1981இல் வந்த அந்தப் பெட்டிக்கு மொத்த நினைவகமே 1கே, அதாவது 1024 பைட். இங்கே பைட் என்றால் சஞ்சிகை அல்ல, ஒரு எழுத்து பிடிக்கும் இடம். புரோகிராம், மாறிகள், திரையில் தெரிவது எல்லாம் அந்த 1கேக்குள். திரை முழுவதும் எழுத்து நிரம்பினால் அதற்கே 793 பைட் போய்விடும். ஆகவே வெறும் திரையை 25 பைட்டுக்குள் சுருக்கி வைத்திருக்கும், எழுத எழுத நீளும். இதில் ஒரு எண்ணை எழுதினால் அதன் இலக்கங்களோடு இன்னும் ஆறு பைட் சேர்ந்து போகும். அதனால் கெட்டிக்காரர்கள் பூச்சியத்தை பூச்சியம் என்று எழுத மாட்டார்கள், "நொட் பை" என்று எழுதுவார்கள். பை என்பது வட்டக் கணக்கில் வரும் π, நொட் என்றால் "அல்ல". பை பூச்சியமல்ல, ஆகவே நொட் பை பூச்சியம். இரண்டு சொல்லும் தலா ஒரு பைட்தான். ஏழு பைட் பிடிக்க வேண்டியது இரண்டில் முடிந்துவிடும். ஒன்று வேண்டுமென்றால் "எஸ்ஜிஎன் பை", அதாவது பையின் குறி, நேர் எண்ணாகையால் ஒன்று. இதை முதன்முதல் விளங்கிக்கொண்ட அன்று நான் தனியே இருந்து சிரித்தேன். அம்மா பயந்துவிட்டா.

1983இல் யுவர் கொம்பியூட்டரில் டேவிட் ஹோர்ன் எழுதிய சதுரங்கம் வந்தது. அந்த 1கேக்குள், 672 பைட்டில். கோட்டை கட்டுதல் இல்லை, காலாள் கடைசிக் கட்டத்துக்குப் போனால் இராணி ஆகாது. ஆனாலும் எதிரே இருந்து விளையாடும். தம்பி, உமது பெட்டியில் அந்த இதழ் இருக்கிறதா என்று பாரும்.

ஸ்காபரோ_குளிர் எழுதியது:

எல்லோரும் நல்லாக உருகுகிறீர்கள். நானும் அந்தக் காலத்து ஆள்தான், ஒரு மாற்றுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இந்தச் சஞ்சிகைகளில் பாதிக்கு மேல் விளம்பரம். பைட் சில மாதங்களில் 500 பக்கத்தைத் தாண்டியதென்றால் அது அறிவு பெருகியதால் அல்ல. இரண்டாவது, அவை கற்றுக்கொடுத்த புரோகிராமிங் மோசம். எங்கு பார்த்தாலும் கோ டு, ஓரெழுத்து மாறிப் பெயர்கள். பேசிக்கில் தொடங்கிய மாணவர்களுக்கு ஒழுங்காகக் கற்பிக்கவே முடியாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1975இலேயே சினந்து எழுதினார். வேலைக்குப் போன பிறகு அந்தப் பழக்கங்களை விட நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். மூன்றாவது, தட்டியவர்களில் மிகப் பெரும்பாலானோர் விளையாடத்தான் தட்டினார்கள். ரீச்சர் மாதிரி ஆட்கள் அபூர்வம்.

கடைசியாக, நீங்கள் சொன்ன சஞ்சிகைகள் ஏறக்குறைய எல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கான் செய்து கிடக்கின்றன. இராமபாணம் தின்ற தாளை வைத்து என்ன செய்வது? அம்மா சொல்வது சரி.

நெல்லியடி64 எழுதியது:

விளையாடத்தான் தட்டினோம். அதில் என்ன குற்றம் அண்ணை? உயிர் மூன்றைத் தொண்ணூற்றொன்பது ஆக்க எந்த வரியை மாற்ற வேண்டும் என்று தேடித்தானே பழகினோம்.

சுன்னாகம்_பவர் எழுதியது:

ஸ்காபரோ அண்ணைக்கு: விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. 1975 ஜனவரியில் பொப்பியூலர் எலெக்ட்ரோனிக்ஸ் அட்டையில் அல்டெயர் 8800 என்ற கணினி வந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 1974 ஜூலையில், ரேடியோ எலெக்ட்ரோனிக்ஸ் அட்டையில் மார்க் 8 என்ற கணினி. வீட்டில் கணினி என்ற யோசனையே சஞ்சிகை அட்டையில்தான் வெளியே வந்தது. மார்க் 8 செய்ய விரும்பியவர் ஐந்து டொலர் அனுப்பி விவரக் கொத்தை எடுப்பித்து, பாகங்களைத் தானே தேடி, தானே ஈயம் வைக்க வேண்டும். அல்டெயர் வந்த அட்டையைப் போல் அலன் கடையில் கண்டு, அவரும் பில் கேட்ஸும் அதற்கு பேசிக் எழுத ஓடிய கதை எல்லோருக்கும் தெரியும். அதே நேரத்தில், 1976இல், டொக்டர் டொப்ஸ் ஜேர்னல் என்ற சஞ்சிகை தொடங்கி டைனி பேசிக் என்ற சின்ன பேசிக்கை முழுமையாக அச்சடித்து ஊருக்கே கொடுத்தது. ஒருபக்கம் பேசிக்கை விலைக்கு விற்றவர்கள், மறுபக்கம் அதைத் தாளில் அச்சடித்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றவர்கள். இன்றைக்குத் திறந்த மூலம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

1977 மே மாதம் இன்டர்ஃபேஸ் ஏஜ் இதழோடு மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்று வந்தது. பாட்டு இல்லை. பிளேயரில் போட்டால் கீச்சுக் கீச்சென்று பேசிக் மொழி கணினிக்குள் போகும். அது போனது பைட் சஞ்சிகை கூட்டிய கூட்டத்தில் முடிவுசெய்த கன்சாஸ் சிற்றி முறையில்: 1200 ஹேட்ஸ் என்றால் பூச்சியம், 2400 என்றால் ஒன்று, செக்கனுக்கு 300 பிட். நெதர்லாந்தில் வானொலியிலேயே புரோகிராம் ஒலிபரப்பினார்கள், கேட்டவர்கள் ரேப்பில் பிடித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வானொலிப் பொழுதுபோக்கின் வழி வந்தது. ஆர்தர் சி. கிளார்க் செய்மதி வழித் தொடர்பு பற்றி எழுதியது எங்கே? 1945 ஒக்ரோபர் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில். அவரே பிறகு கொழும்பில் வந்து இருந்தார். யாழ்ப்பாணத்திலும் ரேடியோ திருத்துகிற பெடியள்தான் முதலில் கணினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் உட்பட.

வல்வெட்டி_ரீச்சர் எழுதியது:

டைக்ஸ்ட்ரா சொன்னதை நானும் வகுப்பில் சொல்வதுண்டு. ஆனால் கோ டுவால் கெட்டுப்போனது எழுதும் பழக்கம், வாசிக்கும் பழக்கம் அல்ல. இன்றைய பிள்ளைகளிடம் வேறொருவர் எழுதிய இருநூறு வரியைக் கொடுத்து "இது என்ன செய்கிறது?" என்று கேட்டால் உடனே ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டாமல் சொல்லச் சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. அச்சில் பிழை நிறைய இருந்தது. சின்கிளேயரின் பிரிண்டர் வெள்ளிநிறத் தாளில் தீப்பொறியால் கரித்து எழுதும். அந்தத் துண்டைப் படமெடுத்துச் சஞ்சிகையில் போட்டால் 3, 8, 6 மூன்றும் ஒரே முகம். வரியே விடுபட்டிருக்கும். லண்டனில் இருப்பவர் அடுத்த மாதம் வரும் திருத்தத்தைப் பார்த்துக்கொள்வார். எங்களுக்கு அடுத்த மாத இதழ் எங்கே? கடல் தபாலில் மூன்று நான்கு மாதம் கழித்து வரும், அல்லது வரவே வராது. நாங்களே கண்டுபிடிக்க வேண்டியதுதான். வரி 340இல் எழுதியிருப்பது ஏன் நடக்காது என்று விளங்கிக்கொள்ள முழுப் புரோகிராமையும் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்காபரோ_குளிர் எழுதியது:

அக்கா, கோபிக்க வேண்டாம். திருத்தம் வராததையும் ஒரு பாக்கியமாகச் சொல்கிறீர்கள். அது நமக்கு நடந்த நட்டம். எத்தனை பெடியள் அந்த வரி 340இலேயே வெறுத்துப்போய் விட்டிருப்பார்கள்? அவர்கள் இந்தக் குழுமத்தில் வந்து எழுதுவதில்லை.

வல்வெட்டி_ரீச்சர் எழுதியது:

அது உண்மைதான். என்னோடு சேர்ந்து படித்த இருவர் அப்படித்தான் விட்டார்கள். ஒருத்தி என்னைவிடக் கெட்டிக்காரி.

மணிக்கூட்டுக்_கோபுரம் எழுதியது:

90க்குப் பிறகு வந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி. கரண்ட் இல்லாத காலத்தில் யாராவது இவற்றை ஓட்டினீர்களா?

சுன்னாகம்_பவர் எழுதியது:

1990இல் கரண்ட் போன பிறகு ரேடியோ கேட்கவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றிய காலம். டோர்ச் பற்றரியே தடைசெய்த சாமான். ஆனாலும் ஒருமுறை ஓட்டினோம். ஸ்பெக்ட்ரத்துக்கு 9 வோல்ட் டீசி போதும். எங்களிடம் இருந்தது கார் பற்றரி, 12 வோல்ட். அதை அப்படியே கொடுத்தால் உள்ளே மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 என்ற சில்லு கொதிக்கும், ஆகவே இடையில் ஒரு ரெகுலேற்றர் வைத்தோம். இன்னொரு பொறி: ஸ்பெக்ட்ரத்தின் பவர் முனையில் நடு ஊசி மைனஸ். வழக்கமாக நினைப்பதற்கு மறுபக்கம். மாறிக் கொடுத்தால் கதை முடிந்தது. 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை ரிவி ஒன்று இரவல் வாங்கினோம். மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரில் யாரோ படம் போட்டபோது அந்தப் பற்றரியைச் சார்ஜ் பண்ணியது. அந்தச் சார்ஜில் ஒரு வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்திருக்கலாம், நாங்கள் பாம்பு விளையாட்டுப் போட்டோம். பெரியவர்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

95 இடப்பெயர்வில் பெட்டி போய்விட்டது. சஞ்சிகைகளும் போயின.

நெல்லியடி64 எழுதியது:

தமிழில் இப்படி ஏதும் வரவில்லையா? சென்னையில் இருந்து "தமிழ் கம்ப்யூட்டர்" வந்தது தெரியும். ஆனால் அது விண்டோஸ் காலம், எந்த மெனுவில் எதை அழுத்துவது என்ற வகை. தட்டிப் பார்க்கிற லிஸ்டிங் அதற்குள் உலகம் முழுவதும் செத்துவிட்டது. 80களின் நடுவிலேயே அட்டையில் கசெட் ஒட்டிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள், பிறகு டிஸ்க், சீடி. புரோகிராமும் பெரிதாகிவிட்டது, யார் தட்டுவது?

வல்வெட்டி_ரீச்சர் எழுதியது:

தம்பிக்கு என் யோசனை. ஸ்காபரோத் தம்பி சொன்னது போல அச்சான பக்கங்கள் வேறெங்கும் கிடைக்கும். ஆனால் உமது சித்தப்பா பக்க ஓரத்தில் எழுதிய குறிப்புகள் எந்த ஆர்க்கைவிலும் இல்லை. அவர் திருத்திய எண்கள், கைப்பட எழுதிய கொப்பிகள், யாருக்காவது எழுதிய கடித நகல்கள் இருந்தால் அவற்றை முதலில் பிரித்து எடுத்துவையும். நூலகம் திட்டத்தார் 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். வெளிநாட்டுச் சஞ்சிகை அவர்களின் வேலைக்குள் அடங்காது, பதிப்புரிமைச் சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 80களில் ஒருவர் எழுதிய கணினிக் கொப்பி என்றால் கேட்டுப் பார்க்கலாம். 1981இல் யாழ் நூலகத்தோடு எரிந்தவற்றில் எத்தனை ஒற்றைப் பிரதிகள் இருந்தன என்று நினைத்தால் எறிய மனம் வராது.

ஸ்கான் செய்வதற்கு முன் துருப்பிடித்த பின்களைக் கழற்றும். வெயிலில் காயவைக்க வேண்டாம், அந்தத் தாள் பொடிப்பொடியாகும்.

ஸ்காபரோ_குளிர் எழுதியது:

ஓரக் குறிப்பு இருந்தால் நானும் வைத்திருக்கத்தான் சொல்வேன். மிச்சம் பேப்பருக்கு.

கோண்டாவில்_பெடியன் எழுதியது:

இரண்டாவது பெட்டியையும் கொட்டிப் பார்த்தேன். அடியில் சீஆர் கொப்பி நான்கு இருக்கிறது. மூன்றில் லிஸ்டிங், நாலாவதில் வீட்டுக் கணக்கு. சித்தப்பா ஒவ்வொரு டேட்டா வரிக்கும் பக்கத்தில் தானே கூட்டி எழுதியிருக்கிறார், சஞ்சிகையில் செக்சம் இல்லாத புரோகிராமுக்கும். ஒரு இடத்தில் சிவப்புப் பேனையால் "201 அல்ல, 205?" என்று இருக்கிறது. நேற்றிரவு அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஸ்பெக்ட்ரத்தின் மூளையான இசட்80 சில்லில் 201 என்றால் திரும்பிப் போ, 205 என்றால் இன்னொரு இடத்தைக் கூப்பிடு என்று பாராமலே சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் போனை வைக்கவில்லை.

சதுரங்க இதழ் கிடைத்தது ரீச்சர், ஆனால் நடுப்பக்கம் இல்லை. அதை ஆர்க்கைவில் எடுத்துக்கொள்கிறேன். கொப்பிகளை ஸ்கான் செய்யத் தொடங்குகிறேன். பைட் இதழ்கள் யாருக்காவது வேணுமென்றால் வந்து எடுக்கலாம். ஒரு கறுப்புப் பெட்டியும் இருக்கிறது, பின்னால் செருகுகிற மாதிரி, "16கே ராம்" என்று எழுதியிருக்கிறது.

நெல்லியடி64 எழுதியது:

அந்த ராம் பெட்டியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், சனிக்கிழமை வருகிறேன். ஆடுமா என்று பார்த்து வையும். ஆடினால் கணினி நின்றுபோகும், ஒட்டிப் பிடிக்க ஒரு துண்டு புளூ டாக் பசை வேணும், அதையும் நானே கொண்டுவருகிறேன்.